புற்றுநோயாளிக்கு மருத்துவக் காப்பீட்டை மறுக்க முடியாதா? 2024 விதிகள் தருவதும் தராததும்

2024 ஏப்ரலில், புற்றுநோய், இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை உள்ளவர்களுக்கு இனிக் காப்பீட்டு நிறுவனங்கள் பாலிசி தர மறுக்க முடியாது என்ற பொருளில் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் செய்திகள் வந்தன. புதிய பாலிசி எடுப்பதற்கான அறுபத்தைந்து வயது வரம்பு நீக்கப்பட்டதும், முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் குறைக்கப்பட்டதும் அதே செய்திகளில் இடம்பெற்றன. மூன்றும் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையத்தின் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) ஒரே விதித்தொகுப்பிலிருந்து வந்தவை. ஆயினும், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் ஒருவர் அந்தச் செய்தியை நம்பிப் புதிய பாலிசிக்கு விண்ணப்பித்தால் அவருக்கு மறுப்புக் கடிதம் வரக்கூடும். அந்த மறுப்பு விதிமீறலாகவும் இருக்காது. செய்திக்கும் நடைமுறைக்கும் இடையே இவ்வளவு தூரம் ஏன் என்பதை, காப்பீடு இயங்கும் விதத்திலிருந்து தொடங்கினால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

காப்பீடு ஏன் நோயாளியைக் கண்டு தயங்குகிறது

காப்பீடு என்பது, யாருக்கு எப்போது வரும் என்று தெரியாத ஒரு செலவைப் பலர் சேர்ந்து முன்கூட்டியே பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. ஆயிரம் பேர் கட்டும் பிரீமியத்திலிருந்து அந்த ஆண்டில் நோயுற்ற சிலரின் மருத்துவமனைச் செலவு கொடுக்கப்படுகிறது. நோய் வந்த பிறகே சேரலாம் என்ற நிலை இருந்தால், நலமாக இருப்பவர்கள் சேராமல் காத்திருப்பார்கள், சேர்பவர்கள் அனைவரும் செலவு உறுதியானவர்களாக இருப்பார்கள், பிரீமியம் ஏறும், அந்த ஏற்றத்தைக் கண்டு எஞ்சியிருக்கும் நலமானவர்களும் விலகுவார்கள். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டப் புறப்படுவது போன்றது நோய் தெரிந்த பிறகு பாலிசி தேடுவது என்று நிறுவனங்கள் சொல்வதில் ஒரு கணக்கு நியாயம் இருக்கிறது.

இந்தக் கணக்கை உடைத்து, நோயாளிக்கும் கட்டாயம் பாலிசி கொடுக்க வேண்டும் என்று சட்டம் இயற்றிய நாடுகள் உண்டு. அமெரிக்காவில் 2010இல் நிறைவேறிய சட்டம், 2014 ஜனவரி முதல், முன்பே நோய் இருக்கிறது என்பதற்காகப் பாலிசி மறுப்பதையும் அதற்காக அதிகப் பிரீமியம் கேட்பதையும் தடை செய்தது. ஆனால் அந்தத் தடை தனியாக வரவில்லை. நலமாக இருப்பவர்களும் காப்பீடு எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அபராதம் என்ற கட்டளையும், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மானியமும் கூடவே வந்தன. அபராதம் பின்னர் நீக்கப்பட்டாலும் மானியம்தான் அந்த ஏற்பாட்டைத் தாங்கி நிற்கிறது. இந்தியாவில் தனியார் மருத்துவக் காப்பீடு விருப்பத்தின் பேரில் எடுப்பது. அதன் பிரீமியத்துக்கு அரசு நேரடி மானியம் தருவதில்லை. ஆகவே இங்கே பாதுகாப்பு வேறு உருவம் எடுத்தது: நோய் வருவதற்கு முன் உள்ளே வந்தவரை வெளியே தள்ளக் கூடாது என்பதில் விதிகள் உறுதியாக உள்ளன, நோயோடு வாசலில் நிற்பவரை உள்ளே விட்டாக வேண்டும் என்பதில் அவை தளர்வாக உள்ளன. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், மேலுக்கு முரணாகத் தோன்றும் பல விதிகளும் ஓர் ஒழுங்குக்குள் வந்துவிடும்.

செய்தி சொன்னதும் விதி சொல்வதும்

2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த காப்பீட்டுத் திட்டங்கள் பற்றிய ஒழுங்குமுறை விதிகள், எல்லா வயதினருக்கும், எல்லா வகையான உடல்நிலை உள்ளவர்களுக்கும், நாட்பட்ட நோயாளிகளுக்கும் ஏற்ற திட்டங்களை நிறுவனங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கின்றன. இது நிறுவனத்தின் திட்டப் பட்டியலைப் பற்றிய கடமை. ஒரு குறிப்பிட்ட விண்ணப்பதாரரை ஏற்பதா, கூடுதல் பிரீமியத்துடன் ஏற்பதா, சில நோய்களை விலக்கி ஏற்பதா, மறுப்பதா என்பதை நிறுவனத்தின் இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த இடர் மதிப்பீட்டுக் கொள்கையே இன்னும் முடிவு செய்கிறது. மறுத்தால் எழுத்து மூலம் காரணத்துடன் மறுக்க வேண்டும்.

உணவகம் எல்லா வகைச் சாப்பாட்டையும் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிடுவதற்கும், வருகிற ஒவ்வொருவருக்கும் இலை போட்டே தீர வேண்டும் என்று ஆணையிடுவதற்கும் உள்ள தூரம்தான் இது. தலைப்புச் செய்திகள் முதலாவதை இரண்டாவதாக எழுதிவிட்டன.

2019 செப்டம்பரில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட விலக்குகள் பற்றிய வழிகாட்டுதலையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே சில கடும் நோய்கள் இருப்பது தெரிந்தால், அந்த நோய்க்கு மட்டும் நிரந்தர விலக்கு வைத்து, விண்ணப்பதாரரின் ஒப்புதலுடன் பாலிசி தரலாம் என்று அது அனுமதித்தது. அந்தப் பட்டியலில் புற்றுநோய் உண்டு. பார்வைக்கு இது பாதகமாகத் தெரிந்தாலும், இதன் நோக்கம் வேறு. அதுவரை முழுமையாக மறுக்கப்பட்டு வந்த ஒருவர், புற்றுநோயைத் தவிர்த்த பிற செலவுகளுக்காவது, அதாவது விபத்து, டெங்கு, மாரடைப்பு போன்றவற்றுக்காவது, பாலிசி பெற வழி திறந்தது. புற்றுநோய் ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களுக்கென்றே தனித் திட்டங்களைச் சில நிறுவனங்கள் விற்கின்றன. அவற்றை எடுப்பதற்கு முன், நோயின் எந்த நிலை வரை ஏற்கிறார்கள், நோய் திரும்பி வந்தால் சிகிச்சைச் செலவைத் தருகிறார்களா அல்லது ஒரு நிலையான தொகையை மட்டும் தருகிறார்களா என்ற இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

மூன்று காலக் கணக்குகள்

புற்றுநோய் க்ளைம்களில் எழும் தகராறுகள் பெரும்பாலும் நாட்காட்டியைச் சுற்றியே நடக்கின்றன. பாலிசி தொடங்கிய நாளிலிருந்து மூன்று கடிகாரங்கள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்குகின்றன.

1. முதல் 30 நாள். விபத்தைத் தவிர, இந்த நாட்களில் வரும் எந்த நோய்க்கும் பணம் கிடையாது. பாலிசி எடுத்த இருபதாம் நாளில் புற்றுநோய் கண்டறியப்பட்டால், அதற்கு முன் எந்த அறிகுறியும் இல்லாதிருந்தாலும் அந்தச் சிகிச்சைச் செலவு ஏற்கப்படாது. நோய் உறுதியானதும் ஒரு மொத்தத் தொகை தரும் தீவிர நோய்ப் பாலிசிகளில் இது பொதுவாக 90 நாளாக இருக்கும்.

2. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு. இந்தக் காலம் முடியும் வரை அந்த நோய்க்குப் பணம் கிடையாது. இது முன்பு அதிகபட்சம் 48 மாதங்களாக இருந்தது. 2024 விதிகள் 36 மாதங்களாகக் குறைத்தன. அதற்குக் குறைவாகவும் நிறுவனங்கள் வைக்கலாம். பெரும்பாலான அலுவலகக் குழுக் காப்பீடுகளில் இந்தக் காத்திருப்பே இராது.

3. கேள்வி கேட்க முடியாத நிலைக்கான 60 மாதங்கள். தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடப்பில் இருந்தால், அதன்பின் "நீங்கள் விண்ணப்பத்தில் இதைச் சொல்லவில்லை" என்ற காரணத்துக்காக நிறுவனம் பாலிசியை ரத்து செய்யவோ க்ளைமை மறுக்கவோ முடியாது. நிரூபிக்கப்பட்ட மோசடி மட்டுமே விதிவிலக்கு. முன்பு இது எட்டு ஆண்டுகளாக இருந்தது.

மூன்றாவது கடிகாரத்தில் பலர் கவனிக்கத் தவறும் ஒரு நுணுக்கம் உண்டு. காப்பீட்டுத் தொகையை இடையில் உயர்த்தினால், உயர்த்திய பகுதிக்கு 60 மாதங்கள் புதிதாக எண்ணப்படும். 2020 ஜூனில் 5 லட்சம் ரூபாய்க்குப் பாலிசி எடுத்து, 2024 ஜூனில் அதை 15 லட்சமாக உயர்த்திய ஒருவருக்கு, முதல் 5 லட்சத்துக்கு 2025 ஜூனிலேயே இந்தப் பாதுகாப்பு வந்துவிடுகிறது. மீதி 10 லட்சத்துக்கு 2029 ஜூன் வரை காத்திருக்க வேண்டும். ஒரே க்ளைமில் ஒரு பகுதியை ஏற்று மறு பகுதியை நிறுவனம் கேள்விக்குள்ளாக்குவது இதனால்தான் சாத்தியமாகிறது.

60 மாதங்கள் முடிந்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. நிரந்தர விலக்கு, உள்வரம்பு (ஒரு குறிப்பிட்ட சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்ற உச்சத் தொகை), நோயாளி ஏற்க வேண்டிய பங்கு ஆகிய ஒப்பந்த நிபந்தனைகள் அதன் பிறகும் அப்படியே தொடரும்.

"முன்பே இருந்த நோய்" என்றால் என்ன

இந்தச் சொற்றொடரை அன்றாடப் பொருளில் எடுத்துக்கொள்வதே பெரும் குழப்பத்துக்கு வேர். உடலுக்குள் கட்டி எப்போது உருவாகத் தொடங்கியது என்பதை இந்த வரையறை கேட்கவே இல்லை. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு மருத்துவர் அந்த நோயைக் கண்டறிந்திருக்க வேண்டும். அல்லது அதற்காக மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ பரிந்துரைக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லது பெறப்பட்டிருக்க வேண்டும். இவ்வளவுதான்.

இதன் விளைவு கணிசமானது. "இந்த அளவுக் கட்டி வளர இரண்டு ஆண்டுகளாவது ஆகியிருக்கும், எனவே பாலிசி எடுப்பதற்கு முன்பே நோய் இருந்திருக்கிறது" என்று நிறுவனத்தின் மருத்துவ அலுவலர் எழுதினால், அந்த வாதம் வரையறைக்குள் அடங்காது. நோயாளி அதுவரை எந்த மருத்துவரிடமும் அதற்காகப் போகவில்லை என்றால், உயிரணு அளவில் நோய் எப்போது தொடங்கியது என்பது இங்கே பொருந்தாத கேள்வி. ஆனால் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, மருத்துவர் மாமோகிராம் எழுதிக் கொடுத்து, அந்தச் சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டே மறுவாரம் பாலிசி எடுத்தவரின் நிலை வேறு. நோய் உறுதியாகாவிட்டாலும் மருத்துவ ஆலோசனை பெறப்பட்டுவிட்டது.

பரம்பரை மரபணுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாய்க்கும் சகோதரிக்கும் மார்பகப் புற்றுநோய் இருந்ததாலும், புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் பரிசோதனையில் தெரிந்ததாலும் மட்டும் ஒருவருக்கு நோய் இருப்பதாக ஆகிவிடாது. மரபணுக் கோளாறுகள் என்ற பரந்த விலக்கைத் தில்லி உயர் நீதிமன்றம் 2018இல் ஏற்க மறுத்தது. அதைத் தொடர்ந்து, மரபணுக் கோளாறு என்ற பெயரில் க்ளைமை மறுக்க வேண்டாம் என்றும், புதிய பாலிசிகளில் அந்த விலக்கைச் சேர்க்க வேண்டாம் என்றும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. இருப்பினும் விண்ணப்பப் படிவம் குடும்ப நோய் வரலாற்றைக் கேட்டால் உண்மையைத்தான் எழுத வேண்டும்.

விண்ணப்பத்தில் எழுதுவதும் விடுவதும்

காப்பீட்டு ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம் என்பது இந்திய நீதிமன்றங்கள் நீண்ட காலமாகக் கடைப்பிடித்துவரும் கொள்கை. நிறுவனம் ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தேவையான எந்தத் தகவலும் முக்கியத் தகவல். அதை மறைத்தால் மறுப்புக்கு வழி உண்டு. புற்றுநோய் க்ளைம்களில் இது பெரும்பாலும் மூன்று இடங்களில் வந்து நிற்கிறது: புகையிலைப் பழக்கம், முன்பு செய்த பயாப்ஸி அல்லது ஸ்கேன், ஒரு காலத்தில் அகற்றப்பட்ட "சாதாரணக் கட்டி". முகவர் படிவத்தைத் தானே நிரப்பி, எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று குறித்து, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போவது நம் ஊரில் அரிதன்று. அந்தப் படிவத்துக்குப் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையது. பாலிசி கைக்கு வந்தபின் 30 நாள் பரிசீலனைக் காலம் இருக்கிறது. அதற்குள் பாலிசியுடன் வரும் விண்ணப்ப நகலைப் படித்து, தவறு இருந்தால் எழுத்தில் திருத்தச் சொல்வது, பின்னாளில் வழக்கறிஞர் செய்யக்கூடிய எதையும்விடப் பயன் தரும்.

மறுபக்கமும் உண்டு. சொன்ன பிறகும் மறுத்தால் என்ன? 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை தந்தது. நீரிழிவு இருப்பதைத் தெரிவித்துப் பயணக் காப்பீடு எடுத்த ஒருவருக்கு அமெரிக்காவில் இறங்கியதும் மாரடைப்பு வந்தது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லவில்லை என்று க்ளைம் மறுக்கப்பட்டது. நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், பி.வி. நாகரத்னா அமர்வு அந்த மறுப்பை ஏற்கவில்லை. விண்ணப்பதாரரின் உடல்நிலையை மதிப்பிட்டு ஒருமுறை பாலிசி கொடுத்துவிட்டால், அவர் தெரிவித்திருந்த அதே உடல்நிலையைக் காட்டிப் பின்னர் மறுக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். புற்றுநோயிலிருந்து மீண்டு, அதை முழுமையாகத் தெரிவித்து, விலக்கு எதுவும் எழுதப்படாத பாலிசியைப் பெற்றவருக்கு இந்தத் தீர்ப்பு வலுவான துணை. காத்திருப்புக் காலம் மட்டும் அவருக்கும் பொருந்தும்.

பாலிசி இருந்தும் பணம் குறைவது எங்கே

புற்றுநோய்ச் சிகிச்சையின் செலவு அமைப்பே வேறு. ஓர் அறுவைச் சிகிச்சையோடு முடியும் நோய்களுக்கென்று வடிவமைத்த பாலிசியில், பல மாதங்கள் நீளும் கீமோ, கதிர்வீச்சு, ஸ்கேன், மாத்திரை என்ற தொடர்ச் செலவு சரியாகப் பொருந்துவதில்லை.

1. பகல்நேரச் சிகிச்சை. 24 மணி நேரம் படுக்கையில் இருந்தால்தான் பணம் என்ற பொது விதி, கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் பொருந்தாது. சில மணி நேரத்தில் முடித்து வீடு திரும்பினாலும் இவை பகல்நேரச் சிகிச்சையாக ஏற்கப்பட வேண்டியவை.

2. மாத்திரை வடிவக் கீமோ, இம்யூனோதெரபி (உடலின் நோயெதிர்ப்பைக் கொண்டு புற்றுநோயை எதிர்க்கும் சிகிச்சை). 2019 வழிகாட்டுதல் 12 நவீன சிகிச்சை முறைகளைப் பட்டியலிட்டு, அவற்றை விலக்கக் கூடாது என்றது. வாய்வழிக் கீமோ, ஊசியாகச் செலுத்தும் மோனோகுளோனல் ஆன்டிபாடி இம்யூனோதெரபி, ரோபோ அறுவைச் சிகிச்சை, இரத்தப் புற்றுநோய் போன்றவற்றில் எலும்பு மஜ்ஜை மாற்றுக்கான ஸ்டெம் செல் சிகிச்சை ஆகியவை அதில் உண்டு. ஆனால் உள்வரம்பு வைக்கலாம் என்றும் அதே ஆவணம் அனுமதித்தது. பத்து லட்சம் பாலிசி என்று நம்பியிருப்பவர், இம்யூனோதெரபிக்கு அதில் ஒரு சிறு பங்குதான் உண்டு என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முதன்முதலாக அறிவது இந்த அனுமதியால்தான். ஒரு பாலிசியை மதிப்பிட ஒரே ஒரு பக்கம்தான் படிக்க முடியும் என்றால், இந்த உள்வரம்பு அட்டவணையைப் படிக்கலாம்.

3. அறை வாடகை. அனுமதித்ததைவிட விலை கூடிய அறையில் தங்கினால், மற்றக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைக்கும் வழக்கம் உண்டு. மருந்து, செலவாகும் பொருட்கள், உள்ளே பொருத்தப்படும் சாதனங்கள், பரிசோதனைகள் ஆகியவற்றை இந்த விகிதக் குறைப்பில் சேர்க்கக் கூடாது. புற்றுநோய் பில்லில் மருந்துதான் பெரும்பகுதி என்பதால், பில்லில் இந்தக் கணக்கை வரிவரியாகச் சரிபார்ப்பது வீண் வேலையாகாது.

4. தொகை மீள்நிரப்பம். காப்பீட்டுத் தொகை தீர்ந்ததும் அதே ஆண்டில் மீண்டும் நிரம்பும் வசதி பல பாலிசிகளில் இருக்கிறது. சிலவற்றில் அது வேறு நோய்க்கு மட்டுமே பயன்படும். ஒரே நோய்க்கு ஆண்டு முழுவதும் செலவழிக்கும் புற்றுநோயாளிக்கு அந்த வகை வசதியால் பயன் இல்லை.

5. மார்பக மறுசீரமைப்பு. அழகு அறுவைச் சிகிச்சை என்று சொல்லி இதை மறுத்தால் ஏற்க வேண்டியதில்லை. தரப்படுத்தப்பட்ட விலக்கின் வாசகமே, விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்பை விலக்கிலிருந்து வெளியே வைக்கிறது.

தீவிர நோய்ப் பாலிசி என்ற இன்னொரு வகை

மருத்துவமனைப் பில்லைக் கொடுக்கும் பாலிசியையும், நோய் உறுதியானதும் மொத்தத் தொகை தரும் பாலிசியையும் ஒன்றாக நினைப்பவர்கள் பலர். இரண்டாவது வகையில் "குறிப்பிட்ட தீவிரமுள்ள புற்றுநோய்" என்ற வரையறையை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வைத்திருக்கிறது. தோன்றிய இடத்தை விட்டுப் பரவாத ஆரம்பநிலைப் புற்று, பிற இடங்களுக்குப் பரவாத மெலனோமா அல்லாத தோல் புற்று, டி1 என்0 எம்0 நிலையிலோ (சிறிய கட்டி, நிணநீர்க் கணுவுக்கோ பிற உறுப்புக்கோ பரவாதது) அதற்குக் கீழோ உள்ள தைராய்டு புற்று ஆகியவை இந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. மருத்துவரின் அறிக்கையில் "புற்றுநோய்" என்று தெளிவாக இருந்தும் பணம் வராமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வரையறை கொடூரமானது என்று சொல்லிவிட முடியாது. குறைந்த சிகிச்சையில் குணமாகும் நிலைகளுக்கு முழுத் தொகை கொடுத்தால் பிரீமியம் தாங்காது. ஆனால் விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் குறை.

நோய் வந்த பிறகு பாலிசியைக் காப்பது

கடந்த ஆண்டில் பெரிய க்ளைம் வாங்கினார் என்பதற்காக நிறுவனம் புதுப்பிக்க மறுக்க முடியாது. காப்பீட்டுத் தொகையை உயர்த்தக் கேட்காத வரை, புதுப்பிக்கும்போது புதிதாக உடல்நிலை மதிப்பீடு செய்யவும் முடியாது. நிறுவனத்தின் கை ஓங்காத இடம் இது. நோயாளியின் கை தளரக்கூடிய இடமும் இதுவே. சிகிச்சை அலைச்சலில் பிரீமியத் தேதி மறந்துபோய், சலுகைக் காலமும் கடந்துவிட்டால், அதுவரை ஓடிய மூன்று கடிகாரங்களும் நின்றுவிடும். மீண்டும் எடுப்பது புதிய பாலிசி, அதுவும் புற்றுநோயாளியாக. சலுகைக் காலம், மாதத் தவணை என்றால் 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள். ஆண்டுப் பிரீமியம் கட்டுபவருக்குச் சலுகைக் காலம் தொடர்ச்சியை மட்டுமே காப்பாற்றும்; பணம் கட்டாமல் இருந்த அந்த இடைவெளி நாட்களில் வரும் செலவுக்குக் காப்பு இராது.

வேறு நிறுவனத்துக்கு மாறும் உரிமையும் இருக்கிறது. கழித்துவிட்ட காத்திருப்புக் காலமும் கூடவே வரும். ஆனால் புதிய நிறுவனம் ஏற்கத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், சிகிச்சை நடுவே இருப்பவருக்கு இந்த உரிமை பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடுகிறது. பிரீமியம் பற்றி இரண்டு செய்திகள் உதவும். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தத் தன்னுடன் முன்கலந்தாலோசனை வேண்டும் என்று 2025 ஜனவரியில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட்டது, 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கியது.

அலுவலகக் குழுக் காப்பீட்டை மட்டும் நம்பியிருப்பவர்களின் நிலைதான் மிகவும் பலவீனமானது. வேலை போனால் காப்பும் போகும். நோய்தான் வேலை போவதற்குக் காரணமாகவும் இருக்கலாம். குழுவிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம் என்றாலும், அது நிறுவனத்தின் மதிப்பீட்டுக்கு உட்பட்டது. வேலையில் இருக்கும்போதே, நலமாக இருக்கும்போதே, சிறு தொகைக்காவது தனிநபர் பாலிசி ஒன்றைத் தொடங்கி வைத்தவருக்குக் கடிகாரங்கள் அன்றே ஓடத் தொடங்கிவிடும்.

காத்திருப்பே இல்லாத கதவுகள்

தனியார் சந்தையின் கணக்கு அரசுத் திட்டங்களுக்குப் பொருந்தாது. அங்கே பிரீமியத்தை அரசே கட்டுகிறது.

1. தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடப்பது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. நோய் தெரிந்த பிறகும் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவை வேண்டும். முகாம்களில் வாழும் இலங்கை அகதிகளுக்கு வருமான வரம்பு இல்லாமலே தகுதி உண்டு.

2. 2018 செப்டம்பரில் தொடங்கிய மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் தமிழ்நாட்டில் முதலமைச்சர் திட்டத்தோடு இணைத்து நடத்தப்படுகிறது. முன்பே இருந்த நோய்களும் முதல் நாளிலிருந்தே அதில் அடங்கும். 2024 செப்டம்பரில், 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் அந்தக் காப்பை நீட்டிப்பதாக மத்திய அரசு அறிவித்தது.

3. தொழிலாளர் அரசு காப்பீடு, அதாவது இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளர்களுக்கு உரியது. சிகிச்சையோடு நின்றுவிடாமல், இழந்த சம்பளத்தின் ஒரு பகுதியையும் இது தருகிறது என்பதைத் தொழிலாளர்களே பலர் அறிவதில்லை. சாதாரண நோய்க்கு 70 சதவீதச் சம்பளம் 91 நாள் வரை. புற்றுநோய் இடம்பெறும் நீண்டகால நோய்ப் பட்டியலில் உள்ளவற்றுக்கு, இரண்டு ஆண்டுத் தொடர் பணி முதலிய நிபந்தனைகளுடன், 80 சதவீதச் சம்பளம் இரண்டு ஆண்டுகள் வரை நீளலாம். மருத்துவமனைப் பில்லைக் கொடுக்கும் தனியார் பாலிசிகள் பொதுவாக இப்படி ஒரு தாங்கலைத் தருவதில்லை.

மறுப்புக் கடிதம் வந்தால்

ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே மாதத் தலைமைச் சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் (மருத்துவமனைக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் முறை) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். வீடு திரும்பும்போது இறுதி ஒப்புதல் மூன்று மணி நேரத்துக்குள் வர வேண்டும். நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் எந்த க்ளைமையும் மறுக்கக் கூடாது. நிறுவனத்துக்காக க்ளைம்களைக் கையாளும் இடைநிலை நிறுவனமான டி.பி.ஏ.வுக்குத் தானாக மறுக்கும் அதிகாரம் இல்லை. கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் க்ளைமே மறுக்கப்பட்டதாகப் பொருளும் இல்லை. பணம் கட்டிவிட்டுப் பின்னர் ஈடு கேட்கலாம்.

1. மறுப்புக்கான பாலிசி நிபந்தனை எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் காரணம் கேட்டுப் பெற வேண்டும்.

2. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். பதில் வராவிட்டாலோ, ஒரு மாதத்துக்குப் பிறகும் தீர்வு இல்லையென்றாலோ அடுத்த படி.

3. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். இறுதி மறுப்பிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அவர் வழங்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். புகார் செய்தவரைக் கட்டுப்படுத்தாது. தீர்ப்பை 30 நாளுக்குள் நிறைவேற்றாத நிறுவனம் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

4. நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். வரிசை இங்கே முக்கியம்: ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ வழக்கு நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் அதே புகாரை எடுத்துக்கொள்ள மாட்டார். ஆகவே செலவில்லாத வழியை முதலில் முயல்வதே நல்லது.

சட்டப் புத்தகத்தில் ஒரு வெற்றிடம்

மேலே சொன்ன பாதுகாப்புகளில் பெரும்பாலானவை நாடாளுமன்றம் இயற்றியவை அல்ல. ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியாகவும் சுற்றறிக்கையாகவும் வந்தவை அவை. அடுத்த சுற்றறிக்கையில் மாறவும் கூடும். எட்டு ஆண்டுகள் ஐந்தாண்டாகக் குறைந்ததும் அப்படித்தான். வேறு சில நோய்களின் நிலை இப்படி இல்லை. எச்.ஐ.வி. தொற்று உள்ளவருக்குக் காப்பீட்டை மறுப்பதையும் நியாயமற்ற முறையில் நடத்துவதையும், காப்பீட்டுக் கணக்கியல் ஆய்வின் (இடரைப் புள்ளிவிவரம் கொண்டு கணக்கிடும் ஆய்வு) ஆதரவு இருந்தாலொழியக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்குத் தரும் அடிப்படையிலேயே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. புற்றுநோய்க்கு இவற்றுக்கு இணையான ஒரு பிரிவு எந்த மத்தியச் சட்டத்திலும் இல்லை.

எச்.ஐ.வி. சட்டத்தின் அந்த ஒரு நிபந்தனையைப் புற்றுநோய்க்கும் நீட்டித்தால் என்ன மாறும் என்று பார்ப்பது பயன் தரும். சந்தையின் கணக்கு உடைந்துவிடாது; கணக்கு நியாயம் உண்மையாகவே இருந்தால் நிறுவனம் மறுக்கலாம். ஆனால் அந்தக் கணக்கை அது காட்ட வேண்டியிருக்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆரம்ப நிலையில் தைராய்டு புற்றுநோய் வந்து முழுமையாகக் குணமாகிய ஒருவரையும், சென்ற மாதம் நான்காம் நிலைக் கணையப் புற்றுநோய் கண்டறியப்பட்ட ஒருவரையும் ஒரே காரணத்தை எழுதி மறுக்க முடியாது. பிரான்சில் 2022 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர், கடனுக்கான காப்பீட்டு விண்ணப்பத்தில் தம் புற்றுநோயைச் சொல்ல வேண்டியதே இல்லை. இந்தியாவில் 36 மாதங்களுக்கு முற்பட்ட நோயை "முன்பே இருந்த நோய்" என்ற வரையறையே விட்டுவிடுகிறது. விண்ணப்பப் படிவமோ "எப்போதாவது புற்றுநோய் வந்ததுண்டா" என்று கேட்கிறது, அந்தப் பதிலை வைத்தே மறுப்பும் எழுதப்படுகிறது.